பத்துப் பேருக்குக் கீழே



கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் ஏதாவது ஒரு சந்துக்குள் நுழைந்தால் முன்பக்கம் வீடும் பின்பக்கம் பட்டறையுமாக வரிசை பிடித்திருக்கும். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு பவர் பிரஸ். முதலாளியும் எண்ணெய்க் கையோடு மெஷினில் நிற்பார். கூட மூன்று பேர், ஐந்து பேர், மிஞ்சிப்போனால் எட்டுப் பேர். பம்புக்கும் மோட்டாருக்கும் வேண்டிய உதிரிகளில் எத்தனையோ பெரிய நிறுவனங்களின் ஜாப் ஒர்க்காக இங்கேதான் உருவாகின்றன. இந்தப் பட்டறைகளில் ஒருவருக்குக் கை போனால், உயிர் போனால், யார் எவ்வளவு எப்போது கொடுக்க வேண்டும் என்பதே இன்று என் பேச்சு. இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தொழிலாளர் துணை ஆணையர் முன்னிலையில் தொழிலாளிக்காகவும் முதலாளிக்காகவும் வழக்காடியவன் நான். இரண்டு பக்கத்துக் கண்ணீரையும் பார்த்தவன் என்பதால் இரண்டு பக்கத்துக்காகவும் பேசுகிறேன்.

முதலில் ஒரு நம்பிக்கையை உடைக்க வேண்டும். "இழப்பீடு, இன்சூரன்ஸ் எல்லாம் மில்லுக்காரர்களுக்கு. நம்மிடம் இருப்பதே நாலு பேர், நமக்கு எதற்குச் சட்டம்?" என்று சிறுதொழில் செய்பவர்கள் சொல்வார்கள். நிலைமை நேர்மாறானது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு வந்துவிடுகிறது. 1948-இல் சட்டமாகி, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய திட்டம் அது. தமிழ்நாட்டில் அதன் முதல் ஊர் நம் கோவைதான், 1955-இல். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர் அதில் சேர்கிறார். 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு ஊதியத்தில் 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு. 15,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு முதலாளி கட்டுவது மாதம் 487 ரூபாய் 50 காசு. அதைக் கட்டிவிட்டால், வேலையில் விபத்து நடந்தால் மருத்துவம், வேலைக்கு வர முடியாத நாள்களுக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு, இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை என எல்லாம் இ.எஸ்.ஐ. கழகத்தின் பொறுப்பு. அந்த முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது என்று சட்டமே கதவைச் சாத்திவிடுகிறது.

பத்துக்குக் கீழே வந்தால் அந்தக் கூரை தானாக வருவதில்லை. ஆனால் பொறுப்பு மட்டும் முழுதாக இருக்கிறது. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்துக்கு ஆள் எண்ணிக்கையில் கீழ்வரம்பு கிடையாது. பட்டறையில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் போதும். 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, "இரண்டு நாள் கூலிக்கு வந்தவர்தானே" என்ற வாதமும் போய்விட்டது. 2010-இல் அதன் பெயர் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாறியது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்த 2025 நவம்பர் 21 முதல் அதுவும் இ.எஸ்.ஐ. சட்டமும் அந்தத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டன. பெயரும் பிரிவு எண்களும் மாறினாலும் கணக்குப் போடும் முறை மாறவில்லை.

அந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் போட்டுப் பார்ப்போம். தொழிலாளி இறந்தால் அவருடைய மாத ஊதியத்தில் பாதியை எடுத்து, வயதுக்கு உரிய பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். முழு ஊனம் என்றால் பாதிக்குப் பதில் 60 விழுக்காடு. வயது குறையக் குறையப் பெருக்கெண் கூடும், ஏனென்றால் அவர் இழந்த ஆண்டுகள் அதிகம். 25 வயதுக்கு 216.91, 35-க்கு 197.06, 50-க்கு 153.09. ஊதியம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய் வரைதான் எடுப்பார்கள். 2020 ஜனவரி 3 முதல் உள்ள உச்சவரம்பு அது. முப்பத்தைந்து வயது வெல்டர், மாதம் 15,000. பாதி 7,500. அதை 197.06-ஆல் பெருக்கினால் 14,77,950 ரூபாய். இருபத்தைந்து வயதுப் பையனுக்கு பிரஸ்ஸில் கட்டைவிரல் போனால் சட்டத்தின் அட்டவணைப்படி 30 விழுக்காடு இழப்பு. அவருக்கு 5,85,657 ரூபாய். ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 விழுக்காடு. மருத்துவச் செலவு இதற்குள் வராது. 2009 திருத்தம், விபத்துக் காயத்துக்கு உண்மையில் ஆன சிகிச்சைச் செலவு முழுவதையும் தனியாகத் தரச் சொல்கிறது. அதற்கு உச்சவரம்பு எதையும் அது வைக்கவில்லை. துண்டான விரலைத் திரும்ப ஒட்டவைக்கும் அறுவைச் சிகிச்சை நம் ஊரிலேயே நடக்கிறது. அதற்கான பில்லைப் பார்த்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள்.

பதினைந்து லட்சம் ரூபாய் ஒரு பெரிய ஆலைக்கு ஒரு காலாண்டுக் கணக்கில் ஒரு வரி. நாலு பேர் வைத்திருக்கும் பட்டறைக்கு அதுதான் பட்டறையே. பெரும்பாலும் இவை தனி உரிமையாளர் தொழில்கள். கம்பெனி வேறு ஆள் வேறு என்ற பிரிவு சட்டத்தில் கிடையாது. தொகையைக் கட்டாவிட்டால் வருவாய் வசூல் நடவடிக்கை முன்பக்கத்து வீட்டுக்கே வந்து நிற்கும்.

தவறு யாருடையது என்று சட்டம் கேட்காதா என்பது முதலாளிகள் தவறாமல் எழுப்பும் கேள்வி. "நான் வேண்டாம் என்று சொல்லியும் கையை உள்ளே விட்டான் சார்." இதற்குப் பதில் சொல்ல வரலாற்றுக்குள் கொஞ்சம் போக வேண்டும். 1837-இல் இங்கிலாந்தில் ஒரு கசாப்புக் கடைக்காரரிடம் வேலை பார்த்த பணியாளுக்கு, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய வண்டி முறிந்து விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தது. நடுவர் குழு அவருக்கு நூறு பவுண்டு கொடுக்கச் சொன்னது. மேல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. வேலையின் ஆபத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டவன் எஜமானனிடம் கேட்க முடியாது என்ற கொள்கை அங்கிருந்து வளர்ந்தது. அதன்பின் சுமார் அறுபது ஆண்டுகள், தொழிலாளி வழக்குப் போட்டால் மூன்று சுவர்களைத் தாண்ட வேண்டியிருந்தது: நீயே கவனக்குறைவாக இருந்தாய், உன் சக தொழிலாளிதான் காரணம், ஆபத்தை அறிந்துதானே வேலைக்கு வந்தாய். 1884-இல் பிஸ்மார்க்கின் ஜெர்மனி முதலாளிகளின் கூட்டு நிதியிலிருந்து விபத்துக் காப்பீடு கொடுக்கச் சட்டம் இயற்றியது. 1897-இல் பிரிட்டனும் தவறு யாருடையது என்ற கேள்வியைக் கைவிட்டது. அந்த பிரிட்டிஷ் சட்டத்தின் வழியில் வந்ததுதான் நம் 1923 சட்டம்.

ஆகவே நம் சட்டம் கேட்பது ஒன்றைத்தான்: வேலையின் போது, வேலையின் காரணமாக நடந்ததா? குடிபோதை, பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றியது போன்ற வாதங்கள் சிறு ஊனங்களுக்கு மட்டுமே செல்லும். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அவையும் செல்லா. இதை அநியாயம் என்று என்னிடம் கோபப்பட்ட முதலாளிகள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது: பவர் பிரஸ்ஸின் பெடலை ஒரே ஷிப்டில் ஆயிரக்கணக்கான தடவை மிதிப்பவருக்கு ஒரு தடவை கவனம் சிதறும். அது அவருடைய குணக்கேடு ஆகாது. வேலையின் தன்மையே அதுதான். இரண்டு கையாலும் பட்டன் அழுத்தினால்தான் இறங்கும்படி பிரஸ்ஸை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. அவர் கையில் இல்லை. அந்த மாற்றத்தைச் செய்யக்கூடியவரிடம் செலவையும் வைத்தார்கள். இது நியாயமான ஏற்பாடு என்றே நான் நம்புகிறேன்.

உச்ச நீதிமன்றத்தின் 1975-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு. ஒரு சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து இடது கையை இழந்தார். அட்டவணைப்படி ஒரு கை போனது முழு ஊனம் ஆகாது என்றது முதலாளி தரப்பு. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே அவரைப் பொறுத்தவரை நூறு விழுக்காடு இழப்பு என்றது நீதிமன்றம். அதைவிட முக்கியமான பகுதி அடுத்தது: இழப்பீட்டுப் பொறுப்பு, ஆணையர் தீர்ப்புச் சொல்லும் நாளில் பிறக்கவில்லை, விபத்து நடந்த நாளிலேயே பிறந்துவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 விழுக்காடு தனிவட்டி. தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால் தொகையில் பாதி வரை அபராதம். நம் வெல்டரின் 14,77,950 ரூபாய்க்கு ஓராண்டு வட்டியே 1,77,354 ரூபாய். வழக்கை இழுத்தடித்தால் லாபம் என்று முதலாளிக்கு யோசனை சொல்பவர் அவருக்கு நண்பர் இல்லை.

இப்போது என்னை அதிகம் வருத்தும் இடத்துக்கு வருகிறேன். சின்னப் பட்டறையில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே இருப்பது வெறும் கூலி உறவு இல்லை. "நம்ம பையன்" என்பார்கள். தீபாவளிக்குத் துணி, தங்கை கல்யாணத்துக்கு அட்வான்ஸ், மதியம் ஒரே சோறு. அந்தப் பையன் இறந்துபோனால் முதலாளி ஓடிப்போக மாட்டார். நகையை அடகு வைத்துப் பணம் புரட்டி, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, முத்திரைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, மூன்றோ நான்கோ லட்சம் கொடுத்துவிட்டு, கடமை முடிந்தது என்று நினைப்பார். சட்டம் அதை இழப்பீடாக ஏற்பதில்லை. மரண வழக்கில் தொகையை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேரடியாகக் குடும்பத்திடம் கொடுத்தது, மூன்று மாத ஊதியத்துக்குச் சமமான முன்பணம் தவிர, கழிக்கப்படாது. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் ஒப்பந்தமும் செல்லாது. கோரிக்கை மனுப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பதினெட்டாவது மாதத்தில் நோட்டீஸ் வந்தபோது கையில் அந்த முத்திரைத் தாளோடு என் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பட்டறைக்காரரின் முகத்தை நான் மறக்கவில்லை. நல்ல மனிதர். ஒருமுறை கொடுத்ததை இன்னொருமுறை கொடுத்தார்.

இந்த விதி கொடுமையானது என்று தோன்றலாம். இளம் விதவையின் பெயரில் வரும் பணத்தை மாமனாரும் மைத்துனரும் பேசி முடித்துக்கொண்டு போன கதைகளை ஆணையர் அலுவலக வராந்தாவில் கேட்டவர்களுக்கு விதியின் அருமை தெரியும். மனைவிக்கு எவ்வளவு, தாய்க்கு எவ்வளவு, மைனர் குழந்தையின் பங்கு எந்த வைப்புநிதியில் என்று ஆணையர் பிரித்து எழுதுகிறார். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து வேலை பார்த்தவர் இறந்தால், உடலை அனுப்பிவைத்ததோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஊர்க் குடும்பத்துக்கும் இதே பெருக்கெண், இதே தொகை, இதே இரண்டு ஆண்டு.

ஆக, பத்துக்குக் கீழே உள்ளவருக்கு இருக்கும் முக்கியக் கூரை, பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் பணியாளர் இழப்பீட்டு பாலிசி. அரசு நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன, தனியாரும் தருகிறார்கள். ஆண்டு முழுதும் கொடுக்கப்போகும் மொத்தக் கூலியையும் வேலையின் வகையையும் சொன்னால் அதற்கேற்ப பிரீமியம் போடுவார்கள். கணக்கெழுதுபவருக்கு ஒரு விகிதம், ஃபவுண்டரியில் உலோகம் ஊற்றுபவருக்கு வேறு விகிதம்.

கேட்க எளிமையாக இருக்கிறது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், பிரீமியத்தை மிச்சம் பிடிக்கப் போகும்போது. உண்மையில் 16,000 கொடுப்பவர் பாலிசியில் 9,000 என்று எழுதுகிறார். எட்டுப் பேர் இருக்குமிடத்தில் ஐந்து பேர் என்கிறார். ஆணையர் முன் சக தொழிலாளி வந்து உண்மைக் கூலியைச் சொல்வார், தீர்ப்பு அதன்படி வரும். 9,000-க்குக் கணக்கிட்டால் நம் வெல்டருக்கு 8,86,770 ரூபாய். மீதி 5,91,180 ரூபாய் யார் தலையில் என்று முதலாளிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகராறு தொடங்கும். அந்தத் தகராறில் நிற்கும் முதலாளியின் கையில் இருப்பது அவரே கையெழுத்திட்ட பொய்.

மருத்துவச் செலவு பெரும்பாலும் அடிப்படை பாலிசியில் வராது. அதைக் கேட்டு, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். தொழில்சார் நோய்களும் அப்படித்தான். ஒப்பந்தக்காரர் கூட்டிவந்த ஆட்கள் உங்கள் இடத்தில் உங்கள் தொழிலுக்கான வேலையைச் செய்யும்போது அடிபட்டால் முதலில் பொறுப்பு உங்களுடையது. பிறகுதான் ஒப்பந்தக்காரரிடம் நீங்கள் கேட்க முடியும். அவர்களையும் பாலிசியில் எழுத வேண்டும். அபராதத் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் தராது என்று 1997-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வட்டியையும் பாலிசி வாசகத்தில் விலக்கிக்கொள்ளலாம் என்று 2006-இல் ஒரு தீர்ப்பு வந்தது. ஆகவே பாலிசி இருந்தாலும் விபத்தைச் சொல்லாமல் காலம் கடத்தினால் அதன் விலை உங்கள் பையிலிருந்துதான். மரணம், பெருங்காயம் என்றால் ஏழு நாளுக்குள் ஆணையருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாத கடமை.

குழு விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறேன், அது போதாதா என்பார்கள். 20 ரூபாய் பிரதமர் சுரக்ஷா பீமா போட்டுவிட்டேன் என்பார்கள். இரண்டும் நல்லவை, தொழிலாளி குடும்பத்துக்கு உதவும், போடுங்கள். ஆனால் சுரக்ஷா பீமா தரும் இரண்டு லட்சம், உங்கள் பதினைந்து லட்சப் பொறுப்பில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது. குழுக் காப்பீடு தொழிலாளிக்கு நிதி தருகிறது. இழப்பீட்டு பாலிசி உங்கள் சட்டப் பொறுப்பைச் சுமக்கிறது. முகவர் எந்தத் தாளைக் கொடுத்தார் என்று இன்று வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள்.

வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தும் இப்போது கணக்கில் வருகிறது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடைப்பட்ட பயணம், நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு பொருந்தினால், வேலையின் பகுதியே என்று புதிய தொகுப்பு சொல்கிறது. அதிகாலை மூன்று மணி ஷிப்டுக்கு பைக்கில் போகும் வழியில் இறந்த ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் குடும்பத்துக்கு 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் கீழேயே இழப்பீட்டை உறுதி செய்தது. பைக்கில் ஆள் வந்துபோகும் எல்லாப் பட்டறைக்கும் இது பொருந்தும்.

இன்னொருவரைச் சட்டம் மறந்துவிட்டது: முதலாளி. தன் பட்டறையில் தானே லேத்தில் நிற்கும் தனி உரிமையாளர் யாருக்கும் பணியாளர் இல்லை. அவர் கை போனால் எந்த ஆணையரும் எதுவும் வாங்கித் தர முடியாது. அவர் தனக்கென்று தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும். மனைவிமார்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறேன்.

பட்டறைக்காரருக்குக் காப்பீடு என்றால் என்னவென்றே தெரியாது என்று சொல்ல மாட்டேன். மெஷினுக்குக் கடன் கொடுத்த வங்கி, கடன் ஒப்பந்தத்தோடு மெஷினுக்கும் கட்டடத்துக்கும் தீ விபத்துக் காப்பீடு கேட்கிறது. ஐந்து கோடி வரை சொத்துள்ள சிறு நிறுவனங்களுக்கு 2021 ஏப்ரல் முதல் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று அதற்கென ஒரு பாலிசியே வந்திருக்கிறது. வங்கி கேட்பதால் ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பிக்கிறார்கள். அந்த மெஷினை ஓட்டுபவருக்கு பாலிசி இருக்கிறதா என்று கேட்க யாருமில்லை.

யார் கேட்க வேண்டும்? வேலை கொடுக்கும் பெரிய நிறுவனம் கேட்க வேண்டும். முன்பு ஆலைக்குள்ளேயே நடந்த வேலை ஜாப் ஒர்க்காகச் சந்துக்குள் வந்தபோது, வேலையோடு விபத்துப் பொறுப்பும் சேர்ந்து வந்தது. ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு மூல முதலாளி பொறுப்பு என்ற பிரிவு அவருடைய கட்டுப்பாட்டில் உள்ள இடத்தோடு நின்றுவிடுகிறது. வெளியே உள்ள பட்டறைக்கு அது எட்டாது. தன் ஆலையில் அதே வேலையைச் செய்பவருக்கு அந்த நிறுவனம் மாதம் 487 ரூபாய் 50 காசு கட்டிவந்தது. சந்துக்கு வந்த வேலையின் ரேட்டில் அந்தப் பணம் இல்லை. உதிரியின் அளவில் மைக்ரான் வித்தியாசத்துக்குச் சரக்கைத் திருப்பி அனுப்பும் தர ஆய்வாளர், பிரஸ்ஸில் தடுப்பு இருக்கிறதா, ஆளுக்குப் பாலிசி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பாலிசி நகல் இல்லாமல் ஆர்டர் இல்லை என்று பெரிய நிறுவனங்கள் ஒரு விதி வைத்து, பிரீமியத்தை ரேட்டில் சேர்த்துக் கொடுத்தால், ஆய்வாளர் யாரும் வராமலேயே இந்தச் சந்துகள் முழுதும் ஓராண்டுக்குள் காப்பீட்டுக்குள் வந்துவிடும். தொழில் சங்கங்கள் உறுப்பினர் புதுப்பிப்பின்போது அதே நகலைக் கேட்கலாம். காப்பீட்டு நிறுவனத்தோடு மொத்தமாகப் பேசி, மருத்துவச் செலவையும் வட்டியையும் சேர்த்த வாசகத்தை எல்லா உறுப்பினருக்கும் வாங்கித் தரலாம்.

அதுவரை, இங்கே அமர்ந்திருக்கும் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ரேட் பேசப் போகும்போது கூலி, மின்சாரம், டூல் தேய்மானம் என்று எழுதும் தாளில் காப்பீட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள். கொள்முதல் அதிகாரி அதை அடிக்கப் பேனாவை எடுத்தால், உங்கள் ஆலைக்குள் இதே பிரஸ்ஸில் நிற்பவருக்கு இ.எஸ்.ஐ. எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று அவரிடமே கேளுங்கள்.